உள்ளக் காயமும் ஊர்ப் பணியாளரும்

பேரிடர் ஒன்று நேர்ந்தவுடன் அரசாங்கம் கணக்கெடுக்கத் தொடங்குகிறது. இறந்தோர் இத்தனை பேர், இடிந்த வீடுகள் இத்தனை, மாண்ட கால்நடைகள் இத்தனை, பாழான நிலம் இத்தனை ஏக்கர் என்று பதிவேடுகள் நிரம்புகின்றன. அக்கணக்கைக் கொண்டே அரிசியும் துணியும் உதவித் தொகையும் வழங்கப்பெறுகின்றன. இஃது இன்றியமையாத பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத இழப்பு ஒன்றுண்டு. கண்ணெதிரே தன் குழந்தையை அலை வாரிச் செல்லக் கண்ட தாய், புது வீட்டில் குடியேறிய பின்னும் உறங்குவதில்லை. நில நடுக்கத்திற்குத் தப்பிய சிறுவன், தெருவில் லாரி செல்லும் அதிர்வுக்கே அஞ்சி வெளியே பாய்கிறான். உடலிற் பட்ட காயம் ஆறித் தழும்பாகிறது. உள்ளத்திற் பட்ட காயமோ ஆண்டுகள் கடந்தும் பச்சைப் புண்ணாகவே நிற்பதுண்டு.

இக்காயத்தின் இயல்பு அறியத்தக்கது. பேரச்சம் கவ்விய வேளையில் நிகழ்ந்தவை நினைவில் வரிசையாகப் பதிவதில்லை. ஒரு வாடை, ஓர் ஓசை, ஒரு முகம் ஆகியவை கூர்மையாக நிற்கும். நாளும் நேரமும் மங்கிப்போகும். ஆகவே, துயருற்றவர் தாசில்தார் அலுவலகத்தில் ஒருவாறும் போலீஸ் நிலையத்தில் வேறொருவாறும் சொல்ல நேர்கிறது. இதனை அறியாத அதிகாரி, இவர் பொய்யுரைக்கிறார் என்று எண்ணிவிடுகிறார். அதட்டும் குரலும், பலர் நடுவே கேட்கப்படும் கேள்வியும், ஒரே கதையை நான்கு மேசைகளின் முன் நான்கு முறை சொல்லவைக்கும் வழக்கமும் ஆறிவரும் புண்ணை மீண்டும் கீறுகின்றன. அதே அதிகாரி, வந்தவரை அமரச் சொல்லி, அடுத்து நடக்கவிருப்பதை முன்கூட்டி விளக்கி, அவருடைய விருப்பத்தையும் கேட்டுச் செயலாற்றுவாராயின், அதுவே முதல் வேளை மருந்தாகிறது.

இந்த அறிவு ஊர்தோறும் உள்ள ஆஸ்பத்திரி, பள்ளி, காவல் நிலையம், நீதிமன்றம் ஆகிய பொதுப் பணிகளிலெல்லாம் ஊறிப் பரவ வேண்டும் என்னும் கருத்து இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. நம் நாட்டில் அக்கருத்து ஏடுகளிலிருந்து வந்ததினும் துயரங்களிலிருந்து வந்ததே மிகுதி. ஒவ்வொரு பேரிடரும் ஒரு பாடத்தை விட்டுச் சென்றது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1947-ஆம் ஆண்டில் நாடு பிரிந்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் எல்லை கடந்தனர். குருட்சேத்திரத்தில் அமைந்த முகாமில் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் தங்கியிருந்தனர். கூடாரமும் உணவும் அளித்து, பின்னர் நிலமும் கடனும் வேலையும் தந்து அம்மக்களைக் காலூன்றச் செய்தது அந்நாளைய ஆட்சியாளரின் அருஞ்செயல்களுள் ஒன்று. ஆனால், உள்ளக் காயத்தைத் தனியே எண்ணிப் பார்க்கும் வழக்கம் அன்று பொதுப் பணிகளில் ஏற்படவில்லை.

அதனால் விளைந்த துன்பத்திற்கு ஒரு சான்று காட்டலாம். கலவரத்தில் கடத்தப்பட்ட பெண்களை மீட்டு அவரவர் நாட்டிற்கு அனுப்புவதென இரு அரசுகளும் உடன்பட்டன. இந்தியா 1949-ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டமும் இயற்றியது. இரு நாடுகளிலுமாக ஏறத்தாழ 30,000 பெண்கள் மீட்கப்பெற்றனர். பலருக்கு அது மறுபிறப்பாகவே அமைந்தது. ஆயினும், அச்சட்டம் பெண்ணின் விருப்பத்தை முடிவு செய்யும் இடத்தில் வைக்கவில்லை. புதிய குடும்பத்தில் வேரூன்றி, குழந்தையும் பெற்று, 'நான் வரமாட்டேன்' என்று மறுத்தவளையும் போலீஸார் அழைத்துச் செல்ல இடமிருந்தது. முதலில் கலவரக்காரராலும் பின்னர் காக்க வந்தவராலும் அவள் இருமுறை வேரோடு பெயர்க்கப்பட்டாள். அப்பணியில் நேரில் உழைத்த அனீஸ் கித்வாய், கமலாபென் படேல் ஆகிய அம்மையார்கள் தம் நினைவு நூல்களில் இத்துயரைப் பதிவு செய்துள்ளனர். உதவி செய்யும் கை, உதவி பெறுபவரின் வாயை மூடிவிடலாகாது என்பதே அந்நாள் விட்டுச் சென்ற பாடம்.

அதே பஞ்சாபில் நம்பிக்கையூட்டும் முயற்சி ஒன்றும் தோன்றியது. 1950-ஆம் ஆண்டில் லாகூர் மனநோய் மருத்துவமனையில் இருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் எல்லை கடந்து அமிர்தசரஸுக்குக் கொண்டுவரப் பெற்றனர். பிரிவினைக்குப் பின் நிகழ்ந்த இப்பரிமாற்றத்தையே சாதத் ஹசன் மண்டோ 'டோபா டேக் சிங்' என்னும் சிறுகதைக்குப் பொருளாக்கினார். அமிர்தசரஸ் மருத்துவமனையின் தலைவராக விளங்கிய டாக்டர் வித்யாசாகர், நோயாளியின் உறவினரையும் உடன் அழைத்து, வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். சங்கிலிக்கும் பூட்டிய அறைக்கும் பழகிப்போன காலத்தில், தாயும் மனைவியும் தம்பியும் மருத்துவத்தில் பங்கு கொள்ளும் முறையை அவர் உண்டாக்கினார். உள்ளத்தைத் தேற்றுவதற்கு மருத்துவரையன்றி மற்றையோரும் வேண்டும் என்னும் உண்மையின் விதை அங்கே ஊன்றப்பட்டது எனலாம்.

அவ்விதை முளைக்கும் காலம் வர முப்பது ஆண்டுகள் ஆயின. 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரில் மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு கசிந்தது. உறங்கியவர் உறக்கத்திலேயே மடிந்தனர். ஓடியவர் கண்ணெரிந்து வீதியில் வீழ்ந்தனர். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், பல லட்சம் பேர் நஞ்சைச் சுவாசித்தனர். நுரையீரலுக்கும் கண்ணுக்கும் மருந்து தேடிய முதல் வாரங்களில், மக்களின் மனநிலையைக் கருதியவர் மிகச் சிலரே. 1985-ஆம் ஆண்டு பிப்ரவரியில் லக்னோவிலிருந்து வந்த மனநல மருத்துவர் குழு, வாயுவால் பாதிக்கப்பட்ட பகுதிகளின் 10 பொதுச் சிகிச்சை நிலையங்களில் ஆய்வு தொடங்கியது. அங்கு வந்த 855 நோயாளிகளில் 193 பேருக்கு மனநோய் இருந்தமை தெரியவந்தது. அஃதாவது, ஏறக்குறைய நால்வரில் ஒருவர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

இத்தனை பேரையும் மனநல மருத்துவர்களே பார்த்துவிட முடியாது. ஆகையால், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் சீனிவாச மூர்த்தியும் அவருடைய துணைவரும் வேறு வழி கண்டனர். அப்பகுதியில் பணிபுரிந்த சாதாரண மருத்துவ அதிகாரிகள் ஏறக்குறைய 50 பேருக்குச் சில நாட்கள் பயிற்சி அளித்து, அவர்களுக்கெனக் கையேடு ஒன்றையும் எழுதினர். இருமலுக்கு மருந்து வாங்க வந்தவரிடம், 'இரவில் உறங்குகிறீர்களா? மனம் எப்படி இருக்கிறது?' என்று கேட்கும் பழக்கம் அவ்வாறு அரசாங்க ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது.

இம்முறை திடீரென உதித்ததன்று. 1954-ஆம் ஆண்டில் பெங்களூரில் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனம், மைசூர் அரசின் பழைய மனநோய் மருத்துவமனையுடன் 1974-ஆம் ஆண்டில் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயிற்று. அந்நிறுவனத்தார் பெங்களூருக்கு அருகிலுள்ள சக்கலவாராவிலும், சண்டிகர் மருத்துவர்கள் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும், கிராம ஊழியரைக் கொண்டு மனநோய் சிகிச்சையைப் பரப்பலாம் என்று மெய்ப்பித்திருந்தனர். 1982-ஆம் ஆண்டில் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. 1985 முதல் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் அது மாவட்ட அளவில் சோதிக்கப்பட்டது. 1996-ஆம் ஆண்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதன்முதலாக நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, நம் திருச்சிராப்பள்ளி அவற்றுள் ஒன்றாயிற்று.

அடுத்த பாடம் கீழைக் கடற்கரையில் கிடைத்தது. 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், அந்நாளில் ஒரிஸ்ஸா என வழங்கிய ஒடிசாவைப் பெரும் புயல் தாக்கியது. ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எர்சமா வட்டாரத்தில் கடல் ஊருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. கணவனை இழந்த பெண்களும் பெற்றோரை இழந்த சிறுவரும் எங்கும் நிறைந்திருந்தனர். அங்கே மருத்துவரையும் கடந்து, அந்தந்த ஊர் இளைஞரும் பெண்களுமே பயிற்சி பெற்றனர். 'ஸ்நேக கர்மி', அஃதாவது அன்புப் பணியாளர், என்பது அவர்கள் பெற்ற பெயர். அவர்கள் மருந்து கொடுக்கவில்லை; வீடுவீடாகச் சென்று குறைகளைச் செவிமடுத்தனர். உதவித் தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தந்தனர்; சிறுவரைக் கூட்டி விளையாடச் செய்தனர்; இறந்தோர்க்கு ஆற்றவேண்டிய சடங்குகளை ஆற்றத் துணை நின்றனர்; உறங்காமலும் உண்ணாமலும் ஒடுங்கிக் கிடந்தோரை மட்டும் மருத்துவரிடம் அனுப்பினர். 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தின் கச்சுப் பகுதியைப் பூகம்பம் குலைத்தபோதும் இம்முறை கையாளப்பட்டது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளைத் தமிழர் எவரும் மறக்க இயலாது. ஆழிப் பேரலையால் நாகப்பட்டினம் மாவட்டம் ஒன்றில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடலை அன்னையாக எண்ணி வாழ்ந்த மக்கள், அக்கடலின் ஓசைக்கே நடுங்கினர். கட்டுமரம் பழுது பார்க்கப்பட்ட பின்னரும் அதில் ஏறக் கால் எழவில்லை. ஒடிசாவிலும் குஜராத்திலும் பெற்ற அனுபவத்தைக் கொண்டு நிம்ஹான்ஸ் வல்லுநர் கையேடுகளை ஆக்கினர். பள்ளி ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், சுகாதாரச் செவிலியர் முதலானோர் பயிற்சி பெற்றனர். பள்ளிக்கூடங்களை விரைந்து திறந்ததே குழந்தைகளுக்குப் பெரியதொரு மருந்தாயிற்று. நாள்தோறும் மணியடிப்பதும், அதே ஆசிரியர் முகத்தைக் காண்பதும், நாளையும் ஒன்று உண்டு என்னும் உறுதியைப் பிஞ்சு நெஞ்சங்களுக்கு அளிக்கின்றன.

அதே பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் சிதைத்தது. அங்கே தமிழரும் வங்காளியரும் நிக்கோபார் பழங்குடியினரும் முகாம்களில் தங்கினர். அத்தீவுகளில் பணியாற்றிய மருத்துவர் கண்டறிந்த செய்தி நம் கருத்திற்குரியது. தம் இடத்தை விட்டுப் பெயர்க்கப்பட்டவரிடையே மனநோய் மிகுதியாகவும், இடம் பெயராதாரிடையே குறைவாகவும் காணப்பட்டது. ஒரே குடும்பமாய், ஒரே ஊராய்க் கூடி வாழும் பழங்குடி மக்களின் பிணைப்பு அவர்களைத் தாங்கியது. ஓர் ஊராரைப் பிரித்து, கிடைத்த கூடாரங்களில் அங்குமிங்குமாக அமர்த்தும் அதிகாரி, தாம் அறியாமலே ஒரு மருந்தைப் பறித்துவிடுகிறார் என்பது இதனாற் பெறப்படும்.

இத்தனை அனுபவங்களும் திரண்டு, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளில் எழுத்து வடிவம் பெற்றன. பேரிடரில் மனநலத் துணை அளிப்பதும் நிவாரணப் பணியின் ஓர் உறுப்பே என்று அவை வகுத்துரைத்தன.

ஆயினும், பேரிடர் என்பது கடலும் நிலமும் மட்டும் விளைப்பதா? நான்கு சுவர்களுக்குள், அடுத்த வீட்டாரும் அறியாமல் நிகழும் கொடுமைகளும் உள்ளத்தைச் சிதைக்கின்றன. அவ்வாறு அடிபட்ட பெண் முதலில் வந்து நிற்பது அரசாங்க ஆஸ்பத்திரியில். 'படியில் வழுக்கி விழுந்தேன்' என்று அவள் சொல்லுவதை அப்படியே எழுதிக்கொண்டு, கட்டுப்போட்டு அனுப்புவதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. 2000-ஆம் ஆண்டில் பம்பாய் மாநகராட்சியும் 'சேஹத்' என்னும் ஆய்வு நிறுவனமும் கூடி, பாந்த்ராவிலுள்ள பாபா ஆஸ்பத்திரியில் 'திலாசா' என்னும் துணை மையத்தை ஏற்படுத்தின. திலாசா என்னும் சொல்லுக்குத் தேறுதல் என்பது பொருள். வெளியிலிருந்து வந்த தொண்டர் மட்டுமன்றி, ஆஸ்பத்திரியின் செவிலியரும் மருத்துவருமே காயத்தின் பின்னுள்ள காரணத்தைக் கனிவுடன் கேட்கப் பயின்றனர் என்பதே அதன் சிறப்பு. பின்னர் அந்நகரின் பிற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளுக்கும் அது பரவியது.

சட்டமும் இவ்வழியில் திரும்பியது. பாலியல் கொடுமைகளினின்று குழந்தைகளைக் காக்க 2012-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தைப் படிப்போர், அதில் உள்ளக் காயத்தின் இயல்பு நுட்பமாக உணரப்பட்டிருப்பதைக் காணலாம். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்தல் வேண்டும். இயன்றவரை பெண் அதிகாரியே அதனைச் செய்தல் வேண்டும். அவர் சீருடையில் வருதல் ஆகாது. குழந்தை நம்பும் ஒருவர் உடனிருக்கலாம். நீதிமன்றத்தில் இடையிடையே ஓய்வு தரவேண்டும். குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைத்தல் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரின் முகம் அதன் கண்ணிற் படலாகாது. குழந்தையின் மொழி வேறாயின் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தவும் சட்டம் இடந்தருகிறது. காக்கிச் சட்டையும் கூண்டும் ஒரு சிறு குழந்தைக்கு எத்தகைய அச்சத்தைத் தரும் என்பதை எண்ணிப் பார்த்தவர் எழுதிய சட்டம் அது.

பலாத்காரத்திற்கு உள்ளான பெண்களை மருத்துவச் சோதனை என்னும் பெயரால் இழிவுபடுத்திய பழைய 'இரு விரற் சோதனை' பெண்ணின் கண்ணியத்திற்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. சுகாதார அமைச்சகமும் 2014-ஆம் ஆண்டில் அதனை விலக்கி நெறிமுறை வகுத்தது. எனினும், அச்சோதனை முற்றும் ஒழியாமையால், 2022-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் மீண்டும் வன்மையாகக் கண்டிக்க நேர்ந்தது. விதி எழுதப்படுவதற்கும் அது ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியின் பழக்கமாய் ஆவதற்கும் இடையே எவ்வளவு தொலைவு உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாகக் கருதிய முறையும் மாறியது. கட்டிலருகே போலீஸ்காரர் நின்று வாக்குமூலம் கேட்ட காலம் ஒன்றிருந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தகையவர் கடும் மன உளைச்சலுக்கு ஆளானவர் என்றே கருதப்பெற வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் விதித்தது. தண்டிக்கும் கை தாங்கும் கையாக வேண்டும் என்பதே அதன் கருத்து.

இனி, தாய்நிலம் விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மைச் சார்ந்த செய்திக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டில் கொள்ளை நோய்க்கு அஞ்சி நாடு முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, லட்சக்கணக்கான தொழிலாளர் வேற்று மாநிலங்களில் சிக்கினர். பலர் நூற்றுக்கணக்கான மைல் நடந்தே சென்றனர். அவ்வாண்டு மார்ச்சு 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில், அம்மக்களின் அச்சத்தையும் கலக்கத்தையும் போலீஸாரும் பிற அதிகாரிகளும் உணர்ந்து மனிதத் தன்மையுடன் நடத்தல் வேண்டும் என்றும், முகாம்களுக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் சென்று தேற்றவேண்டும் என்றும் கூறப்பட்டது. அரிசியோடு ஆறுதலும் அரசின் கடமையே என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அவ்வாறு உரைத்தது. எனினும், சாலைகளில் பலர் பெற்றது அடியும் அதட்டலுமே என்பதையும் வரலாறு மறைக்கவியலாது.

வேற்று மாநிலத்தில் வாழ்பவர்க்கு மொழி ஒரு தனித் துயராகும். கடையில் பேரம் பேசுவதற்கும், அலுவலகத்தில் உழைப்பதற்கும் கற்ற இந்தியோ கன்னடமோ மராத்தியோ நமக்குப் போதும். நெஞ்சம் உடைந்த வேளையில் அம்மொழி துணைக்கு வருவதில்லை. அழுகைக்குரிய மொழி தாய்மொழியே. தில்லியின் ஓர் ஆஸ்பத்திரியிலோ சூரத்தின் ஒரு காவல் நிலையத்திலோ சொல் கிடைக்காமல் தடுமாறும் தமிழ்ப் பெண்ணை, 'விவரம் அறியாதவள்' என்று எழுதிவிடுவது எளிது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிப் பணி இவ்வகையில் போற்றத்தக்கது. 14416 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைத்து, 20 மொழிகளுள் தமிழையும் தேர்ந்து பேசலாம். எந்த மாநிலத்தில் வாழினும் இவ்வெண்ணைத் தமிழ்க் குடும்பங்கள் குறித்து வைத்தல் நன்று. நம் தமிழ்ச் சங்கங்களும், பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்திற்கும் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கினை, ஆஸ்பத்திரிக்கும் நீதிமன்றத்திற்கும் மொழித் துணையாகச் செல்வதிற் காட்டலாம்.

கடந்தவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். 1947-இல் நாம் பெண்ணின் விருப்பத்தைக் கேட்க மறந்தோம். 1984-க்குப் பின் மருத்துவரை 'உறங்குகிறீர்களா?' என்று கேட்கப் பழக்கினோம். 1999-இல் அண்டை வீட்டாரையே துணைவராக்கினோம். 2012-இல் காவலரின் சீருடையைக் கழற்றச் செய்தோம். அறிவு வளர்ந்திருக்கிறது. ஆனால், முகாம் கலையும்போது பயிற்சியும் கலைந்துபோவதும், பயின்ற அதிகாரி மாற்றலாகிச் சென்றதும் பழைய வழக்கம் திரும்புவதும் நம் நாட்டின் குறையாகவே நீடிக்கின்றன. புயலுக்குப் பின் கற்பதைப் புயலில்லாத நாளிலும் கைக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காவலரும் ஆசிரியரும் செவிலியரும் பணியில் சேரும் நாளிலேயே இதனைக் கற்றல் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பித்தலும் வேண்டும். துயருற்று ஒரு மேசையின் முன் வந்து நிற்பவருக்கு, அம்மேசையின் பின்னிருப்பவரே அவ்வேளையில் அரசாங்கம். அவர் முகத்தில் காணும் கனிவைக் கொண்டே இந்நாட்டை அவர் எடை போடுவார்.